மருத்துவமனை நிர்வாகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எம்ஹெச்ஏ (மருத்துவமனை நிர்வாக முதுகலை) முடித்தவர்கள், ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட்டில் எம்பிஏ முடித்தவர்கள், நர்சிங்கிலிருந்தோ பிசியோதெரபியிலிருந்தோ நிர்வாகப் பக்கம் வர நினைப்பவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளை, அதிலும் நூறிலிருந்து முந்நூறு படுக்கை வரை உள்ள இடங்களை வைத்துச் சொன்னவை. நான் வேலை பார்ப்பது அந்த அளவு மருத்துவமனையில்தான். பெரிய கார்ப்பரேட் சங்கிலிகளில் சில விஷயம் மாறும், அடிப்படை மாறாது.

மருத்துவமனை நிர்வாகி என்றால் தினமும் என்னதான் செய்வார்?

டாக்டரும் நர்ஸும் கை நீட்டும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டிய பொருளும் ஆளும் இருக்கிறதா என்று பார்ப்பார். ஓடிக்கு (ஆபரேஷன் தியேட்டர்) ஸ்டெரைல் செட் வந்துவிட்டதா, டயாலிசிஸுக்கு வரும் ஆர்ஓ தண்ணீரின் டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே, லிஃப்ட் ஏன் மூன்றாம் மாடியில் நிற்கிறது, ஸ்டோர்ஸில் கையுறை எத்தனை நாளுக்கு இருக்கிறது, ஐந்தாம் நம்பர் அறைக்காரர் பில்லைப் பார்த்துவிட்டு ஏன் சத்தம் போடுகிறார் என இதெல்லாம்தான். வகுப்பில் ஸ்ட்ராடஜி, பிராண்டிங் என்று படித்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று வருஷம் முழுக்க லினன், கேன்டீன், பில், புகார் என்று போவது ஏமாற்றமாக இருக்கும். அது பிடிக்கவே பிடிக்காது என்றால் ஹெல்த்கேர் கன்சல்டிங், இன்ஷூரன்ஸ், மருத்துவ மென்பொருள் என்று வேறு வழிகள் இருக்கின்றன. அதில் தப்பில்லை.

நான் டாக்டர் கிடையாது. ஒரு கட்டத்துக்கு மேல் ஏற விடுவார்களா?

மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட், மெடிக்கல் டைரக்டர் போன்ற பதவிகள் டாக்டர்களுக்கு உரியவை, அவற்றை மறந்துவிடுங்கள். ஆபரேஷன்ஸ் ஹெட், யூனிட் ஹெட், சிஓஓ (தலைமைச் செயல்பாட்டு அதிகாரி), குவாலிட்டி ஹெட், பர்ச்சேஸ் ஹெட் போன்ற இடங்களில் மருத்துவம் படிக்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நம்ம ஊர் உதாரணமே போதும். மதுரையில் 1976 இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் வளர்ச்சியில் பெரிய பங்கு உள்ளவர் ஆர்.டி. துளசிராஜ். ஐஐஎம் கல்கத்தாவில் மேலாண்மை படித்தவர், மருத்துவர் அல்ல. மற்ற கண் மருத்துவமனைகளுக்கு நிர்வாகம் கற்றுத்தருவதற்கென்றே 1992 இல் அரவிந்த் தொடங்கிய லைகோ நிறுவனத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவரும் அவர்தான். அங்கே கண்புரை அறுவை சிகிச்சை நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். சர்ஜனுக்குப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த நோயாளியை இன்னொரு மேசையில் தயார் செய்துவிடுகிறார்கள். தயார் செய்வது பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து அங்கேயே பயிற்சி கொடுத்து உருவாக்கிய பணியாளர்கள். சர்ஜன் திரும்பினால் அடுத்த கண் ரெடி. இந்த ஏற்பாட்டை யோசிப்பதற்குக் கண்ணை அறுக்கத் தெரிய வேண்டியதில்லை, அறுக்கிறவர் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார் என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஆனால் ஒன்று. டாக்டர் இல்லை என்பதற்காகக் கேஸ் ஷீட்டைப் படிக்கத் தெரியாமல் இருக்கக் கூடாது. எல்எஸ்சிஎஸ் என்றால் சிசேரியன், பிடிசிஏ என்றால் இதய ரத்தக்குழாய் அடைப்பை பலூன் வைத்துத் திறப்பது, எந்த ஆபரேஷனுக்கு எத்தனை நாள் தங்குவார்கள், எதற்கு ஐசியூ படுக்கை வேண்டும் என்பதெல்லாம் முதல் ஆறு மாதத்துக்குள் வாயில் வர வேண்டும். இல்லாவிட்டால் மீட்டிங்கில் நடப்பது பாதி புரியாது, உங்களை வைத்துக்கொண்டே உங்களைத் தாண்டி முடிவெடுத்துவிட்டுப் போவார்கள்.

எந்தக் காலேஜ், எந்தப் படிப்பு நல்லது?

டெல்லி எய்ம்ஸில் உள்ள மருத்துவமனை நிர்வாகப் பட்டமேற்படிப்பு எம்பிபிஎஸ் முடித்தவர்களுக்கானது, டிஎன்பி (தேசியத் தேர்வு வாரியத்தின் முதுநிலைப் படிப்பு) வழியும் அப்படியே. மற்றவர்களுக்கு மும்பை டிஸ்ஸின் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) எம்ஹெச்ஏ, ஹைதராபாத்தில் அப்போலோவின் நிர்வாகக் கல்லூரி, தமிழ்நாட்டில் பல பல்கலைக்கழகங்களின் எம்பிஏ எனத் தேர்வுகள் இருக்கின்றன. பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். அந்தக் கல்லூரிக்குச் சொந்தமாக மருத்துவமனை இருக்கிறதா, இன்டர்ன்ஷிப் எத்தனை மாதம், அதில் பில்லிங்கிலும் ஸ்டோர்ஸிலும் உட்கார விடுவார்களா அல்லது ரிசப்ஷனில் பூங்கொத்து மாதிரி நிற்க வைத்துவிட்டுச் சான்றிதழ் கொடுப்பார்களா என்று சீனியர்களிடம் விசாரியுங்கள்.

தொலைதூரக் கல்வியில் படிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஏற்கெனவே மருத்துவமனையில் வேலையில் இருந்தால் தாராளமாக. வேலையே இல்லாமல் அதை மட்டும் படித்துவிட்டு வந்தால் முதல் வேலை கிடைப்பது கஷ்டம்.

ட்ரெய்னியாகச் சேர்ந்திருக்கிறேன். ஆறு மாதம் எல்லா டிபார்ட்மென்டிலும் சுற்ற விடுவதாகச் சொல்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?

டிஸ்சார்ஜில். யார் என்ன சொன்னாலும் டிஸ்சார்ஜில்.

காரணம் சொல்கிறேன். ஒரு மருத்துவமனையில் டாக்டர், டியூட்டி டாக்டர், நர்ஸ், பார்மசி, லேப், டயட், பில்லிங், இன்ஷூரன்ஸ் டெஸ்க், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி என அத்தனை பேரும் ஒரே நோயாளிக்காக ஒரே நாளில் வேலை செய்ய வேண்டியது டிஸ்சார்ஜ் அன்றுதான். எந்த டிபார்ட்மென்டில் ஓட்டை இருந்தாலும் அன்றைக்குத் தெரிந்துவிடும். ஒரு ஃபைலைப் பிடித்துக்கொண்டு, அது போகிற இடமெல்லாம் கூடவே போங்கள், கையில் ஒரு நோட்டு, பேனா, கடிகாரம்.

வழக்கமாக நடப்பது இப்படி. ஹெர்னியா ஆபரேஷன் முடிந்த ஒருவர், கேஷ்லெஸ் பாலிசி, அதாவது பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனியே நேராக மருத்துவமனைக்குக் கட்டும். காலை 9.15க்கு ரவுண்ட்ஸில் சர்ஜன் "இன்னிக்குக் கிளம்பலாம்" என்கிறார். வீட்டுக்காரம்மா உடனே ஊருக்குப் போன் போட்டுக் காரை வரச் சொல்லிவிடுகிறார். சர்ஜன் நேரே ஓடிக்குப் போய்விடுகிறார். டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டிய டியூட்டி டாக்டருக்கு அதே மாடியில் இன்னும் இருபது பேர், நடுவில் இரண்டு புது அட்மிஷன். பதினொன்றரைக்கு சம்மரி டைப் ஆகிறது, சர்ஜன் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. இந்தப் பக்கம் சிஸ்டர் மிச்ச மருந்துகளைப் பார்மசிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அதை எடுத்துப்போகும் அட்டெண்டர் இன்னொரு நோயாளியை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். ரிட்டர்ன் ஏறாமல் பில் மூட முடியாது. ஒரு மணிக்கு மேல் பில் மூடி டிபிஏவுக்கு (இன்ஷூரன்ஸ் கம்பெனி சார்பில் கிளெய்மைப் பார்க்கும் நிறுவனம்) போகிறது. மூன்றரைக்கு அங்கிருந்து கேள்வி: ஹெர்னியாவுக்கு வயிற்றில் வைத்த வலையான மெஷ்ஷின் ஸ்டிக்கரும் இன்வாய்ஸும் எங்கே? ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டப்படவில்லை. அது ஓடியில் ஒரு ட்ரேயில் கிடக்கிறது, அல்லது குப்பைக்குப் போய்விட்டது. தேடி எடுத்து அனுப்பி, ஒப்புதல் வரும்போது ஐந்தரை. அதிலும் கையுறை, சில உபயோகப் பொருள்கள் எல்லாம் பாலிசியில் வராது என்று பிடித்தம். அந்தத் தொகையைக் கையிலிருந்து கட்டச் சொன்னால் "காலையிலேயே சொல்லியிருக்கலாமே" என்று சண்டை. காரை வாடகைக்குக் கொண்டுவந்தவர் வெயிட்டிங் சார்ஜ் கேட்கிறார். ஆறரைக்கு அவர்கள் கிளம்பும்போது, காலையிலிருந்து கேஷுவல்டியில் ஸ்ட்ரெச்சரில் ஒருவர் அந்தப் படுக்கைக்காகவே காத்துக்கொண்டிருக்கிறார்.

இதில் சோம்பேறி என்று ஒருவரைக்கூடக் காட்ட முடியாது, அதைக் கவனியுங்கள். எல்லோரும் ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள்.

சரி, பார்த்துவிட்டேன். ஆனால் ட்ரெய்னி சொன்னால் யார் கேட்பார்கள்?

கேட்க மாட்டார்கள். அதனால் சொல்லாதீர்கள், எழுதுங்கள். இருபது முப்பது ஃபைல்களுக்கு மேலே சொன்ன மாதிரி நேரங்களைக் குறித்தால், எங்கே அதிகம் நிற்கிறது என்று தானாகவே தெரியும். பெரும்பாலும் இரண்டு இடம்தான்: சம்மரி, மருந்து ரிட்டர்ன். இரண்டையும் முந்தின நாள் சாயங்காலத்துக்கு நகர்த்த முடியும். சாயங்கால ரவுண்ட்ஸில் "நாளைக்கு யார் யார் போகலாம்?" என்று கேட்டு ஒரு பட்டியல் எடுத்துவிட்டால் டியூட்டி டாக்டர் ராத்திரியே சம்மரியை டிராஃப்ட் செய்து வைக்கலாம், நைட் சிஸ்டர் தேவையில்லாத மருந்தை அப்போதே திருப்பி அனுப்பலாம், பில்லிங் ஒரு தற்காலிக பில் போட்டுப் பிடித்தத்தைப் பற்றிக் குடும்பத்திடம் முன்கூட்டியே பேசலாம். மெஷ் ஸ்டிக்கரை ஓடியிலேயே ஒட்டிவிட்டுத்தான் ஃபைல் வெளியே வர வேண்டும் என்று ஓடி இன்சார்ஜிடம் ஒரு வார்த்தை. செலவு எதுவும் இல்லை.

இதை முழு மருத்துவமனைக்கும் கொண்டுவருகிறேன் என்று கிளம்பாதீர்கள். ஒரு மாடி, ஒத்துழைக்கிற ஒரு சிஸ்டர் இன்சார்ஜ், ஒரு சர்ஜன், அவ்வளவு போதும். அந்த மாடியில் மதியம் இரண்டு மணிக்குள் படுக்கை காலியாக ஆரம்பித்தால் பக்கத்து மாடிக்காரர்களே வந்து கேட்பார்கள். பாராட்டு சர்ஜனுக்கும் சிஸ்டருக்கும் போகட்டும், விடுங்கள். எம்டிக்கு (மேனேஜிங் டைரக்டர்) எப்படியும் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம் கையில் இருக்கட்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதச் சுற்றறிக்கையில், கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் ஒப்புதலை மருத்துவமனை கேட்டதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும், அதற்கு மேல் தாமதித்து மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அதை இன்ஷூரன்ஸ் கம்பெனியே ஏற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. டிபிஏவிடம் பேசும்போது இதைச் சொல்லலாம். ஆனால் நம் பக்கத்திலிருந்து முழு ஃபைல் போயிருந்தால்தான் சொல்ல வாய் வரும்.

கன்சல்டன்ட்களிடம் எப்படிப் பேசுவது? பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை, நேரம் பார்த்துப் பேச வேண்டும், அவ்வளவுதான். ஓபி நடுவில் போகாதீர்கள். நோயாளி முன்னால் எதையும் கேட்காதீர்கள், நர்ஸ் முன்னால் குறை சொல்லவே சொல்லாதீர்கள். ஓபி முடிந்து காபி வரும் நேரம், அல்லது இரண்டு கேஸுக்கு நடுவில் ஓடி லவுஞ்ச், அங்கேதான் வேலை நடக்கும். "சார் நீங்க லேட்டா வர்றீங்க" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. "சார், பத்து மணி அப்பாயின்ட்மென்ட்ல வர்றவங்க சராசரியா பதினொன்றே காலுக்குத்தான் உள்ளே வர்றாங்க, நாலு பேர் போன வாரம் திரும்பிப் போயிட்டாங்க, ஸ்லாட்டைப் பத்தரைக்கு மாத்திடலாமா?" என்று கேளுங்கள். டாக்டர்கள் தினமும் எண்களைப் பார்த்து முடிவெடுக்கிறவர்கள், எண்ணோடு போனால் மரியாதை கிடைக்கும். எண் தப்பாக இருந்தால் அடுத்த ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கம் போக முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சீனியர் டாக்டர் கத்தினால்? கத்தி முடிக்கட்டும். பெரும்பாலும் பின்னால் ஒரு நிஜமான காரணம் இருக்கும். கேட்ட உபகரணம் வரவில்லை, அனஸ்தீசியா நேரத்துக்கு வரவில்லை, கேஸ் தள்ளிப்போனது. அதைச் சரி செய்துவிட்டுப் போய்ச் சொல்லுங்கள்.

நர்சிங் சூப்பரின்டென்டென்ட் என்னை மதிப்பதே இல்லை.

முப்பது வருஷ சர்வீஸ் உள்ள அம்மாவிடம் இருபத்து நாலு வயசில் போய் எக்செல் ஷீட் காட்டினால் எப்படி மதிப்பார்? அவர்கூட நைட் ரவுண்ட்ஸ் போங்கள். எந்த வார்டில் எந்த ஷிஃப்டில் ஆள் குறைவு, எந்தப் பெண் கல்யாணமாகிப் போகப் போகிறாள், யார் வெளிநாட்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். உங்கள் ஹெச்ஆர் ரிப்போர்ட்டில் அது மூன்று மாதம் கழித்துத்தான் வரும். நர்ஸ்கள் வேலையை விட்டுப் போகும் வேகம் நம் ஊர் தனியார் மருத்துவமனைகளின் தீராத தலைவலி, அதைப் பற்றி அவரைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க எந்தப் பேராசிரியராலும் முடியாது. ஹாஸ்டல் சாப்பாடு, நைட் ஷிஃப்ட் வண்டி, லீவு பட்டியல் என இந்த மூன்றில் ஒன்றை நீங்கள் சரி செய்து கொடுத்துப் பாருங்கள், அப்புறம் மரியாதை பற்றிக் கேள்வியே வராது.

எந்தெந்த எண்களைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்?

டேஷ்போர்டில் நாற்பது எண் ஓடும். ஆரம்பத்தில் மூன்று போதும்: படுக்கை நிரம்பும் விகிதம், சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார்கள், அட்மிஷனிலிருந்து படுக்கை கிடைக்க எவ்வளவு நேரம்.

முதல் இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கணக்காகப் பாருங்கள். நூறு படுக்கை, முப்பது நாள் என்றால் 3000 படுக்கை நாட்கள். 500 பேர் சராசரியாக நாலரை நாள் தங்கினால் 2250, அதாவது 75 சதவீதம். இதையே தேவையில்லாத காத்திருப்பைக் குறைத்து நாலு நாளாக்கினால் 2000 தான் ஆகும். மிஞ்சும் 250 நாட்களில் இன்னும் அறுபது பேருக்கு மேல் அதே கட்டடத்தில், அதே ஆட்களை வைத்துக்கொண்டு பார்க்கலாம். புது பிளாக் கட்ட வேண்டும் என்று எம்டி பேச ஆரம்பிக்கும்போது இந்தக் கணக்கைக் காட்டுகிற ஆள் யாரோ அவரைத்தான் அடுத்த மீட்டிங்குக்கும் கூப்பிடுவார்கள்.

ஆனால் நோயாளியை அரைகுறையாக வீட்டுக்கு அனுப்பி இந்த எண்ணைக் குறைக்கலாம் என்று யாராவது நினைத்தால், திரும்ப அட்மிட் ஆகிறவர்களின் எண்ணிக்கையில் அது வெளிவந்துவிடும். அதனால் அதையும் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். ஒருவர் தங்க வேண்டிய நாளை முடிவு செய்வது டாக்டர். நாம் குறைப்பது காத்திருப்பை மட்டும்.

என்ஏபிஹெச் (மருத்துவமனைகளுக்கான தர அங்கீகாரம்) வேலையைக் கொடுத்துவிட்டார்கள். வெறும் ஃபைல் வேலையாக இருக்கிறதே?

அப்படித்தான் பல இடங்களில் நடக்கிறது. ஆய்வுக்கு ஒரு மாதம் முன்னால் எல்லோரும் உட்கார்ந்து பழைய தேதி போட்டு ரெஜிஸ்டர் எழுதுவது நாட்டுக்கே தெரிந்த ரகசியம். அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள், பின்னால் ஏதாவது கேஸ் என்று வந்தால் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும்.

மற்றபடி இது புதியவருக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வேலை. தரநிலைகளில் பத்து அத்தியாயங்கள், நோயாளி உள்ளே வருவதிலிருந்து மருந்து, தொற்றுக் கட்டுப்பாடு, கட்டடப் பாதுகாப்பு, ஆட்கள், பதிவேடுகள் வரை எல்லாம் அதில் அடக்கம். 2025 முதல் ஆறாம் பதிப்பு நடைமுறையில் இருக்கிறது, ஐம்பது படுக்கை வரை உள்ள சின்ன மருத்துவமனைகளுக்குத் தனித் தரநிலை உண்டு. எல்லா டிபார்ட்மென்டுக்குள்ளும் போய்க் கேள்வி கேட்க உரிமை உள்ள ட்ரெய்னி நீங்கள் ஒருவர்தான். பாலிசியை எழுதிவிட்டு வார்டுக்குப் போய் ஒரு ஜூனியர் நர்ஸிடம் "ரெண்டு நோயாளிக்கு ஒரே பேர் இருந்தா எப்படி மருந்து கொடுப்பீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில்தான் உங்கள் உண்மையான பாலிசி.

சட்டம் எவ்வளவு தெரிய வேண்டும்?

வக்கீல் அளவுக்கு வேண்டாம். எந்த லைசென்ஸ் எப்போது முடிகிறது என்று தேதி வாரியாக ஒரு பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும். 1997 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு, தீயணைப்புத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பார்மசி, ரத்த வங்கி, லிஃப்ட், எக்ஸ்ரே சிடி கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் என்று நீளும்.

இரண்டில் அதிகக் கவனம் வேண்டும். ஒன்று, கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 ஆம் ஆண்டுச் சட்டம். கர்ப்பிணிகளுக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் எஃப் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம் விட்டுப்போனாலும் "கிளார்க் மறந்துட்டார்" என்று தப்பிக்க முடியாது, மெஷினுக்கு சீல் வைத்துவிடுவார்கள். மற்றொன்று, மருத்துவக் கழிவு. 2016 விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்து, 48 மணி நேரத்துக்கு மேல் தேங்காமல் அனுப்ப வேண்டும். கழிவு அறையை நேரில் போய்ப் பாருங்கள். வாடை அடிக்கும், பரவாயில்லை. மஞ்சள் பையில் சாப்பாட்டுப் பொட்டலமும் சிவப்புப் பையில் ஊசியும் கிடந்தால் எந்த வார்டில் பயிற்சி போதவில்லை என்று பையின் பார்கோடே சொல்லிவிடும்.

நைட் டியூட்டி மேனேஜராகப் போடுகிறார்கள். இது தண்டனையா?

பலர் அப்படி நினைத்து மறுக்கிறார்கள், நான் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். பகலில் பத்து பேரைக் கேட்டு எடுக்கும் முடிவை ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் ஒருவராக எடுக்க வேண்டும். ஐசியூவில் ஒரு படுக்கைதான் இருக்கிறது, ஆம்புலன்ஸில் இரண்டு பேர் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று போன் வரும். யாருக்கு என்று முடிவு செய்வது டாக்டர், மற்றவருக்கு ஏற்பாடு செய்வது நீங்கள். இந்த அனுபவம் பகல் ஷிஃப்டில் வராது.

ரவுண்ட்ஸ் போகும்போது போனைப் பையில் வைத்துவிட்டுப் போங்கள். ஒவ்வொரு மாடியிலும் கிராஷ் கார்ட்டின் (அவசர மருந்து வண்டி) சீல் நம்பரும் ரெஜிஸ்டரில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரைச் சோதித்த அன்றன்றைய தாள் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் தேதியைப் பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டர்களைக் குழாயோடு இணைத்து வைத்திருக்கும் மேனிஃபோல்டு அறையில் இருக்கும் ஆளிடம் ரிசர்வ் சிலிண்டர் எத்தனை என்று கேளுங்கள், சொன்னதை நம்பாமல் எண்ணுங்கள். அவசர வழிக் கதவைத் தள்ளிப் பாருங்கள். திருட்டுக்குப் பயந்து பூட்டுப் போட்டிருப்பார்கள், அல்லது அதற்கு முன்னால் உடைந்த கட்டில் நிற்கும். 2011 டிசம்பரில் கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை மேலே பரவி, படுக்கையிலிருந்து எழ முடியாத நோயாளிகள் உட்படத் தொண்ணூறு பேர் அளவில் இறந்தார்கள். அடித்தளத்தில் கார் நிற்க வேண்டிய இடத்தில் எரியக்கூடிய பொருள்களைப் போட்டு வைத்திருந்தார்கள். உங்கள் மருத்துவமனையின் அடித்தளத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

கேஷுவல்டியில் கும்பல் சேர்ந்து தகராறு செய்தால்?

முதலில் டாக்டரையும் நர்ஸையும் அங்கிருந்து விலக்குங்கள். இரண்டாவது, கும்பலில் முடிவெடுக்கிற ஆள் ஒருவர் இருப்பார், கத்துகிறவர் பெரும்பாலும் அவராக இருக்க மாட்டார். மாமாவோ சித்தப்பாவோ ஓரமாக நிற்பார், அவரை மட்டும் ஒரு அறைக்கு அழைத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, சிகிச்சை பார்த்த டாக்டரையே நடந்ததை நடந்தபடி சொல்ல வையுங்கள். முக்கால்வாசித் தகராறு, நிலைமை மோசமாகிக்கொண்டிருந்த நேரத்தில் யாரும் வந்து சொல்லாததால் வருவது. ஐசியூ வாசலில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தவர்களிடம் கடைசியில் ஒரு பேப்பரை நீட்டினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

அடிதடி என்று போனால் போலீஸைக் கூப்பிடத் தயங்க வேண்டாம். மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவமனைகளையும் பாதுகாக்க 2008 இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது, டாக்டர்கள் 48/2008 என்று சொல்வது அதைத்தான். புகாரில் அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள், சிசிடிவி பதிவை அன்றைக்கே எடுத்து வையுங்கள்.

கூடவே இதையும் மனதில் வையுங்கள். விபத்துக் கேஸ், போலீஸ் வரட்டும், முன்பணம் கட்டட்டும் என்று அவசர சிகிச்சையை நிறுத்தி வைக்க யாருக்கும் உரிமையில்லை. சட்ட நடைமுறைக்காக உயிர் காக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 1989 இலேயே பர்மானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அரசு, தனியார் இரண்டுக்கும் சேர்த்து. பில் பாக்கிக்காக இறந்தவரின் உடலைத் தராமல் வைத்துக்கொள்வதும் கூடாது. கேஷ் கவுன்டரில் யாராவது அப்படிச் சொன்னால் அந்த நிமிஷமே நீங்கள் தலையிட வேண்டும், மறுநாள் மீட்டிங் வரை காத்திருக்கக் கூடாது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் நஷ்டம் என்று எங்கள் எம்டி சொல்கிறார். உண்மையா?

பாதி உண்மை. 2009 இல் தொடங்கி, இன்று மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை தருகிற இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் பேக்கேஜ் தொகை நிர்ணயம். கேஷ் பேஷன்ட் பில்லோடு ஒப்பிட்டால் குறைவாகத்தான் தெரியும். ஆனால் ஒரு பேக்கேஜுக்கு நமக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்ட மருத்துவமனைகள் குறைவு. இம்ப்ளான்ட் எவ்வளவு, எத்தனை நாள் தங்குகிறார், எத்தனை டெஸ்ட் அவசியமில்லாமல் போகிறது, ஓடி எத்தனை மணி நேரம் என்று பத்து கேஸுக்குப் போட்டுப் பாருங்கள். சில பேக்கேஜ் நிஜமாகவே கட்டாது, சிலது நன்றாகவே கட்டும். ஒப்புதல் வாங்காமல் ஆபரேஷன் செய்தது, போட்டோ, ரிப்போர்ட் ஏற்றாமல் விட்டது என்று நம் பக்கத் தவறால் நிராகரிக்கப்பட்ட கிளெய்ம் எத்தனை என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். எம்டிக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனால் இதைப் போல ஒரு பாடம் வேறு எங்கும் கிடைக்காது.

அரசு மருத்துவமனையில் இந்தப் படிப்புக்கு வேலை உண்டா?

நேரடியாகத் தலைமை ஏற்கும் பதவி இல்லை. டீன், கண்காணிப்பாளர், ஆர்எம்ஓ (நிலைய மருத்துவ அலுவலர்) எல்லோருமே டாக்டர்கள். தேசிய சுகாதார இயக்கத்தில் தர மேம்பாடு போன்ற பிரிவுகளில் ஒப்பந்த வேலைகள் அவ்வப்போது வரும். சம்பளம், நிரந்தரம் இரண்டிலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போனால், ஒரு மாவட்டத்தின் அத்தனை மருத்துவமனைகளையும் உள்ளே போய்ப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கும்.

சம்பளம்?

கூடப் படித்து ஐடியில் சேர்ந்தவனைவிடக் குறைவு. முதல் நாலைந்து வருஷம் அந்த இடைவெளி உறுத்தும். மேனேஜர் நிலைக்கு வந்த பிறகு வேகமாக ஏறும், அதுவும் ஒரு யூனிட்டின் வரவு செலவைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு. வீட்டில் கடன் இருந்தால் இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவெடுங்கள், ஆர்வம் மட்டும் இஎம்ஐ கட்டாது.

கார்ப்பரேட்டில் சேரலாமா, சின்ன மருத்துவமனையிலா?

கார்ப்பரேட்டில் முறைமை பழகும், ரெஸ்யூமில் பெயர் நிற்கும், ஆனால் இரண்டு வருஷம் இன்டர்நேஷனல் பேஷன்ட் டெஸ்க்கிலேயே உட்கார வைத்துவிடலாம். குடும்பமே நடத்தும் நூறு படுக்கை மருத்துவமனையில் ஒரே வருஷத்தில் பர்ச்சேஸிலிருந்து ஆம்புலன்ஸ் டிரைவர் சண்டை வரை எல்லாம் உங்கள் தலையில் விழும். ஆனால் முடிவு டாக்டரின் மாமனாரிடம் இருக்கும். முதலில் நடுத்தர மருத்துவமனையில் வேலையைக் கற்றுக்கொண்டு, பிறகு பெரிய இடத்துக்குப் போவது பலருக்கும் ஒத்துவருகிறது என்பது என் அபிப்பிராயம்.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

"உங்க ப்ராஜெக்ட் என்ன?" என்பது நிச்சயம். பேஷன்ட் சாட்டிஸ்ஃபேக்ஷன் சர்வே என்று சொன்னால் எதிரே இருப்பவர் கொட்டாவி விடுவார், அன்றைக்கு அதைச் சொல்லும் ஆறாவது ஆள் நீங்களாக இருக்கலாம். ஒரு டிபார்ட்மென்டில் நீங்களே நேரம் குறித்துப் பார்த்தது, எங்கே தேங்குகிறது, என்ன மாற்றிப் பார்த்தீர்கள், மாற்றிய பிறகு என்ன ஆனது என்று நாலு வரியில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மாற்ற விடவில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லலாம், யார் விடவில்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டாம். அப்புறம் அவர்கள் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். உங்கள் மருத்துவமனையில் கேஷ்லெஸ் நோயாளி ஒருவருக்கு டிஸ்சார்ஜ் சொன்னதிலிருந்து கிளம்பும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேளுங்கள். உடனே ஒரு எண் சொன்னால் சேரலாம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் அங்கே உங்களுக்கு நிறைய வேலை இருக்கிறது என்று அர்த்தம், சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள்.